அமெரிக்க வண்டி கொடுத்த தண்ணீர்

ஏப்ரல் 12, ஞாயிறு

மழை விட்டது. வெயில் சுள்ளென்று. குவாரியில் வேலை இல்லை.

எனக்கு மட்டும் வேலை. ஏழாம் நம்பர் ரூமில் சேறு அள்ளியது. கக்கூஸ் மூன்றைப் பூட்டியது. டாங்கியில் எட்டிப் பார்த்தது. அடியில் ஒரு சாண் தண்ணீர், அதுவும் கலங்கல். என் இடது கால் செருப்பை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

வெள்ளம் இன்னும் மூன்றைக் கெடுத்தது. மேட்டு ஊற்றில் இருந்து ஓடையைத் தாண்டி கேம்புக்கு வரும் கறுப்பு பிளாஸ்டிக் பைப்பை இரண்டாகப் பிய்த்தது. தண்ணீர் லாரி வரும் ரோட்டை அரித்தது. ஜெனரேட்டரை முக்கியது. ரோடு சரியாக ஒரு வாரமாம், கம்பெனியில் சொன்னார்கள். நாங்கள் நூற்றுப்பத்துப் பேர். குடிக்கிற பாட்டில் செவ்வாய் வரைக்கும்தான்.

சாயங்காலம் பக்கத்துப் பேரீச்சைத் தோட்டத்து அர்பாப், அதாவது அரபி முதலாளி, ராஷித் வந்தார். அவருடைய பெரிய பிக்கப் மட்டும்தான் அந்தச் சேற்றில் ஏறியது. அமெரிக்காவில் இருந்து கப்பலில் வரவழைத்த வண்டி. பின்பக்கத் தொட்டியில் கரண்டு துளைகள்! எல்லோரும் மல்டி பிளக் செருகி போனைச் சார்ஜ் போட்டார்கள். தொட்டி நிறைய போன், கருவாடு காயவைத்த மாதிரி.

என் போனும் ஏறியது. புஷ்பத்திடம் பேசினேன். "இன்னைக்கு எழுதுனீகளா?" அதுதான் முதல் கேள்வி. அறுபது வயதுப் புருஷனுக்கு போனிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். எழுதினேன் என்று பொய் சொன்னேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

இன்று படித்தவை:
சோப்புக் கட்டி உறை, முழுவதும்.
வண்டியின் தட்டைத் துளைகள் நான்கு. மேலே 120V.
மூடி போட்ட பெரிய வட்டத் துளை ஒன்று. 240V.
பைப் ஒட்டுகிற இத்தாலி மிஷின். 230V.

கணேசன், எங்கள் சமையல்காரன், திருநெல்வேலி. பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, வண்டி நம்பரையும் எழுதிக்கிடுங்க. நாளைக்குப் பரிச்சைல வரும்."

'ழ' இன்று நன்றாக விழுந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

காற்று. மணல். சமைக்கத் தண்ணீர் இல்லை, எல்லோருக்கும் ரொட்டியும் ஊறுகாயும்.

பைப் ஒட்டும் வேலை இன்று. நிமலன், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பிளம்பர். பன்னிரண்டு வருட சர்வீஸ். வேலை இதுதான்: பைப்பின் இரண்டு முனையையும் மிஷினால் சீவ வேண்டும். சூட்டுத் தட்டை நடுவில் வைத்து உருக்க வேண்டும். தட்டை எடுத்துவிட்டு இரண்டையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆறினால் ஒரே பைப்.

கரண்டுக்கு ராஷித் வண்டி. நான் கேட்டேன், "ஓடுமா?"

"போன் ஏறுதெல்லோ அண்ணை. பிறகென்ன?" என்று நிமலன் மல்டி பிளக்கைத் தட்டைத் துளையில் குத்தினார்.

சீவுகிற மிஷின் முனகியது. கிழவன் மாடிப்படி ஏறுகிற மாதிரி சுற்றியது. நிமலன் அதை நிறுத்திவிட்டுக் கத்தியால் சீவினார். சூட்டுத் தட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு வந்தால் அது அணைய வேண்டுமாம். அரை மணி. ஒரு மணி. அணையவே இல்லை.

"காணும், ஒட்டுவம்," என்றார் நிமலன். காணும் என்றால் அவர் ஊரில் போதும்.

ஒட்டினார். ஆறவிட்டார். வால்வைத் திறந்ததும் ஒட்டு வாயைப் பிளந்தது. தண்ணீர் எல்லாம் ஓடை மணலுக்கு.

கெட்ட முனைகளை வெட்டியெறிந்தார்கள். பைப் குட்டையாகிவிட்டது. இழுத்துப் பார்த்தோம். இன்னும் ஒரே ஒரு தடவை ஒட்டலாம். அதுவும் கெட்டால் முனையோடு முனை எட்டாது. மாற்றுப் பைப் ரோடு திறந்தால்தான்.

ரூமில் யாரும் குளிக்கவில்லை. எல்லோர் மேலும் நாற்றம். என் மேலும்.

நேற்று எழுதியதைப் படித்தேன். 120. 230. ஒன்று மற்றதில் பாதி மாதிரி இருக்கிறது. தப்பாகப் படித்தேனோ? 1-ஐயும் 2-ஐயும் மாற்றிவிடுவேன், புஷ்பம் திட்டுவாள். நிமலன் சர்டிபிகேட் வாங்கியவர். நான் கக்கூஸ் கழுவுகிறவன். எதற்கு வாய்.

ஏப்ரல் 14, செவ்வாய். வருஷப் பிறப்பு

வெயில். விடிந்ததும் ஆளுக்கு அரை பாட்டில். யாரும் குளிக்காத வருஷப் பிறப்பு.

நிமலன் சொன்னார்: "தட்டைச் சாக்கால சுத்தி மூண்டு மணித்தியாலம் வைப்பம். பிறகு ஒட்டுவம்."

அதுதான் கடைசித் தடவை. தனியாகப் போய் வண்டித் துளையை இன்னொரு முறை படித்தேன். விரலை வைத்து, ஒவ்வொன்றாக. ஒன்று, இரண்டு, சைபர். மிஷினில் இரண்டு, மூன்று, சைபர். சரிதான். திரும்பி வந்து சொல்லிவிட்டேன்.

கணேசன்: "ஆமா, கலெக்டர் சொல்லிட்டாரு! சாக்கைக் கொண்டாங்கலே."

நிமலன் சிரிக்கவில்லை. மிஷினைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கடவுளே. அமெரிக்காக் கரண்டு! போன் எந்தக் கரண்டிலயும் ஏறும். இந்தத் தட்டுக்குப் பாதிக் கரண்டு குடுத்தால் காற்பங்குச் சூடுதான் வரும். நேற்றே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"நேத்து எனக்கே நம்பிக்கை இல்லப்பா."

"வேற என்ன படிச்சனீங்கள்?"

"வட்டத் துளையில எரநூத்தி நாப்பது."

நிமலன் என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

அந்த வட்டத் துளைக்கு எங்கள் மல்டி பிளக் எதுவும் நுழையாது. ராஷித் சீட்டுக்கு அடியில் தேடினார். வண்டியோடு வந்த பிளக்கு, பிரிக்காத பையில். நான்கு கால். நிமலன் மிஷின் வயரின் பிளக்கை வெட்டிவிட்டு இதை மாட்டினார். திருகாணிக்குப் பக்கத்தில் பொடி எழுத்து. நான்தான் படித்தேன், சத்தமாக: எக்ஸ், ஒய், டபிள்யூ, ஜி. நான்கும் எனக்குத் தெரிந்த எழுத்து!

"எக்ஸ் ஒரு பக்கம், ஒய் மற்றப் பக்கம். ரெண்டு நூற்றிருபதும் சேர்ந்து இருநூற்றிநாற்பது. ஜி எர்த். டபிள்யூ எங்களுக்கு வேண்டாம், சும்மா கிடக்கட்டும்," என்றார் நிமலன்.

ராஷித்துக்குப் பயம். "மேரா காடி ஜல் ஜாயேகா?" வண்டி எரிந்துவிடுமா என்கிறார்.

"மாஃபி முஷ்கில், அர்பாப்." ஒரு பிரச்சினையும் இல்லை என்றார் நிமலன். ஆனாலும் முதலில் மீட்டர் வைத்து அளந்தார். 240. நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

சீவுகிற மிஷின் சீறியது. கேம்பில் ஓடுவதை விட வேகம். பயந்து பின்னால் போனேன். அமெரிக்காக் கரண்டு அப்படித்தான், மோட்டார் கொஞ்சம் விரைவாக ஓடும் என்றார் நிமலன். சூட்டுத் தட்டு. சிவப்பு விளக்கு. நூற்றுப்பத்துப் பேரும் அதையே பார்த்துக்கொண்டு.

அணைந்தது.

யாரோ விசில். நிமலன் கத்தினார், "சத்தம் போடாதேங்கோ!" உருக்கினார். அழுத்தினார். ஓரத்தில் உதடு மாதிரி இரண்டு வளையம், ஒரே அளவாகப் பிதுங்கியது. கணேசன் தொட்டுப் பார்க்கப் போனான். இந்த கேம்பில் முதல் தடவையாக நான் ஒருவரை அதட்டினேன். "கைய எடுடா!" எடுத்துவிட்டான்.

ஆறவிட்டோம். ராஷித் பேரீச்சம்பழம் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வால்வு. நான் திறக்க மாட்டேன் என்றேன். நிமலனே திறந்தார். ஒட்டின இடத்தில் கையை வைத்தேன். காய்ந்து கிடந்தது. உள்ளே மட்டும் ஓட்டம், கைக்குத் தெரிந்தது.

கேம்புக்கு ஓடினேன், ஒற்றைச் செருப்போடு. டாங்கியில் முதலில் காற்று. பிறகு சேறு. பிறகு தண்ணீர், தடதடவென்று. உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் குழாயடியில். தலை நிறைய சோப்பு. கணேசன் பாயசத்துக்கு அண்டா கழுவுகிறான், பாட்டு வேறு. நிமலன் சொல்கிறார், வண்டிக் கரண்டில் இன்னும் எதை ஓட்டலாம் என்று பார்க்க, ஜெனரேட்டர் ரூமில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். நாளைக்குப் படிக்கலாம் என்று

கூப்பிடுகிறார்கள். என் முறை. கை ஈரம், எழுத்து பரவுகிறது