இரண்டு முறை சொன்னேன்

மார்ச் 4, செவ்வாய்

பணி அட்டவணை வந்துவிட்டது. வியாழன் முதல் சனி வரை மூன்று நாளும் அந்த ஆளோடு. நாற்பது கேப்டன்கள் இருக்கிற நிறுவனத்தில் எனக்கு வாய்த்தது இவர். போன வருஷம் இவரோடு பறந்து இறங்கியபோது, எல்லார் முன்னாலும், “துணை விமானின்னா துணைக்கு இருக்கறதுதான், கருத்து சொல்றதுக்கு இல்ல” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்னை நானே மன்னிக்கவில்லை.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்கிறாள் அக்கா. அவளுக்கென்ன, ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பல்லைக் கடிப்பதே அங்கே பாதி வேலை.

மார்ச் 6, வியாழன்

புறப்படும் முன் இருவரும் உட்கார்ந்து, எது தவறினால் யார் என்ன செய்வது என்று பேசிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். “நீ ரேடியோவப் பாத்துக்கோம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்.”

அம்மாவாம்.

மார்ச் 7, வெள்ளி

அலமாரி அளவு காக்பிட்டில் ஆறு மணி நேரம். காபி கேட்டார், தனக்கு மட்டும்.

மார்ச் 8, சனி

 வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் இரண்டரை. மழை விட்டிருந்தது, ரன்வே ஈரம். அவர் ஓட்டினார், நான் கவனித்தேன். இறங்கவே தாமதமாகத்தான் தொடங்கினார். உயரமும் அதிகம், வேகமும் அதிகம். ஆயிரம் அடிக்குள் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இறங்கக் கூடாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். ஆயிரம் அடியில் “வேகம் அதிகம்” என்றேன். “தெரியுது” என்றார். ஐந்நூறு அடியில் “கோ-அரவுண்ட்” என்றேன். மேலே ஏறு என்பதற்கு எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான். அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். ரன்வேயின் தொடக்கம் எங்களுக்குக் கீழே கடந்து போனது.

“கேப்டன், கோ-அரவுண்ட்.”

“வாய மூடு.”

இரண்டு முறை சொல்லியும் கேட்காவிட்டால் மற்றவர் எடுத்தே ஆக வேண்டும். விதிப்புத்தகத்தில் ஒரு வரி. அதற்கு எவ்வளவு கனம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ரன்வேயில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிட்டது, சக்கரம் இன்னும் தரையைத் தொடவில்லை. “என் கையில்” என்று சொல்லி இன்ஜின் லீவர்களை முழுக்கத் தள்ளினேன். அவர் கை என் கைமேல் வந்து அழுத்தியது. ஒரு நொடியா, இரண்டா? பிறகு எடுத்துவிட்டார். விமானம் மேலே போனது.

சுற்றி வந்து இரண்டாம் முறை அவரே இறக்கினார், பூப்போல. அதுதான் இன்னும் ஆத்திரம். நூற்றைம்பது பேரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போனபின் சொன்னார்: “இனிமே நீ என்கூடப் பறக்க மாட்ட.”

“நானும் அதைத்தான் எழுதிக் குடுக்கப் போறேன் சார்.”

மார்ச் 10, திங்கள்

விசாரணை முடியும்வரை இருவரும் பறக்கக் கூடாது. நான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லையாம், பயத்தில் லீவரைப் பிடுங்கினேனாம். அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். என் அறிக்கை மூன்று பக்கம். அவருக்குச் சாதகமாக அரை வரி கிடையாது. ஓய்வறையில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நின்றபடியே ஒருவர், கேப்டன் கையிலிருந்தே பிடுங்கினாயாமே என்றார். பாராட்டா, திட்டா? தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பாதுகாப்பு அதிகாரி காக்பிட் ஒலிப்பதிவைப் போட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும், நடுவில் ஒரு காலி நாற்காலி. என் குரல் இரண்டு முறை, கணீரென்று. “வாய மூடு” அதைவிடக் கணீரென்று. காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்றார் அதிகாரி. அந்த ஆள் சுவரைப் பார்த்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன்.

பதிவு தொடர்ந்து ஓடியது. “என் கையில்” என்பதற்குப் பிறகு என் குரலே இல்லை. ஏறும்போது ஓட்டுபவர்தான் கட்டளை சொல்ல வேண்டும்: இறக்கையில் விரிந்திருக்கும் ஃபிளாப்பை மடக்கு, சக்கரத்தைத் தூக்கு என்று. இரண்டும் அப்படியே இருந்தால் விமானம் ஏறத் திணறும். நான் சொல்லவில்லை. எட்டு நொடி வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல், தாழ்ந்து, ஒரு ஏச்சும் இல்லாமல்: “ஏறுது. ஃபிளாப் மடக்கறேன். சக்கரம் தூக்கறேன். மூக்க அப்படியே புடி.”

“இது உங்க அறிக்கையில இல்லையேம்மா” என்றார் அதிகாரி.

“ஞாபகம் இல்ல சார்.”

பொய். ஞாபகம் இருந்தது. எட்டாம் தேதி இங்கே எழுதும்போதும் இருந்தது. என் நோட்டு, நான் மட்டும் படிக்கிற நோட்டு — இதில்கூடவா?

மார்ச் 15, சனி

அக்காவிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“எங்க தியேட்டர்லயும் ஒரு டாக்டர் கத்துவார். அவர் செஞ்ச தப்ப நான் எழுதிக் குடுத்திருக்கேன். அவர் சரியா செஞ்சத விட்டுட்டு எழுதினா, என் எழுத்த யாருடி நம்புவா?”

அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கத்தினேன். கூடப்பிறந்தவளே இப்படின்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளும் வந்து தட்டவில்லை.

மார்ச் 17, திங்கள்

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். பொய் சொன்னதையும் சேர்த்து.

ஏப்ரல் 2, புதன்

முடிவு வந்தது. அவருக்கு மூன்று மாதம் கேப்டன் இருக்கை கிடையாது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பறக்கும் முன் இருவருக்கும் சேர்த்து சிமுலேட்டரில், தரையில் நிற்கும் போலி காக்பிட்டில், பயிற்சி. சேர்த்தா? நாட்டில் வேறு விமானியே இல்லையா?

ஏப்ரல் 9, புதன்

பயிற்சியாளர் அதே இறக்கத்தைப் பதினொரு முறை எங்களை ஓட்ட வைத்தார். முதல் மூன்று முறை நான் கோ-அரவுண்ட் சொன்னபின்னும் அந்த ஆளின் கை தயங்கியது. நான்காவது முறை தயங்கவில்லை. பிறகு நான் ஓட்டினேன், ஃபிளாப்பை மறந்தேன். அவர் மடக்கவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கும்வரை வேண்டுமென்றே சும்மா இருந்தார். “மறந்தா இதுதான்” என்றார்.

பத்திக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக.

ஜூலை 21, திங்கள்

மறுபடி அவரோடு. வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் மேஜையில் உட்கார்ந்து ஏழு நிமிடம் பேசினார். “நீ சொன்னா ஏறிடுவேன். ஏன்னு கீழ வந்து கேப்பேன்.”

இரண்டாவது பயணம், இருநூறு அடி. ரன்வேக்குள் ஒரு மஞ்சள் வண்டி நுழைவதுபோல் தெரிந்தது. “கோ-அரவுண்ட்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் லீவர் முன்னே போயிருந்தது. ஃபிளாப் என்றார், மடக்கினேன். ஏறுது என்றேன். சக்கரம் என்றார், தூக்கினேன். சுற்றி வந்து இறங்கினோம்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார். வண்டி உள்ளே வந்ததாகத் தெரிந்தது என்றேன்.

“கோட்டுக்கு வெளியதான் நின்னுச்சு. டவர்ல கேட்டுட்டேன்.”

“அப்ப என் கண்ணுதான் தப்பு சார்.”

அவர் அறிக்கைத் தாளை இழுத்து, மேலே ஏறியதற்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் எதையோ எழுதி, என் கையெழுத்துக்காகத் தள்ளினார்.

“துணை விமானி சொன்னார். ஏறினோம்.”

இரண்டு தடவை படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன்.