கல்யாண நாளுக்கு எடுத்த அறை

நவம்பர் 15, சனி. தைப்பிங்.

ஈப்போவில் ஒரு பெரிய ஹோட்டலில் பதினொரு வருடமாக அறை சுத்தம் செய்கிறேன். அதனால்தான் கல்யாண நாளுக்கு அந்த மாதிரி ஹோட்டலே வேண்டாம் என்று கணவர் சேகரிடம் பிடிவாதம் பிடித்தேன்.

"அங்க போனா வேலைக்குப் போன மாதிரியே இருக்குங்க. தைப்பிங்ல ஒரு பழைய வீட்டுல ரூம் விடறாங்களாம், அங்க போலாம்."

குளிருக்கு ஏர்கோன் இருந்தால் போதும் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தோம். மரச் சன்னலும் பூப்போட்ட தரையும் அத்தனை அழகு. ஆனால் மெத்தை விரிப்பு ஒரு பக்கம் தொங்கியது. பையை இறக்கும் முன்பே அதை இழுத்துச் செருகினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்தேன்.

"நீ லீவுல வந்திருக்க லா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சேகர் குளிக்கப் போனார்.

நான் துடைப்பம் தேடி வெளியே போனேன். எதிர் அறைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, ரெண்டு துவாலை கிடைக்குமா?" என்றார்.

"இதோ வாரேன் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நடையில் இருந்த அலமாரியைத் திறந்து எடுத்துக்கொடுத்தேன்.

திரும்பினால் வீட்டுக்காரச் சீன அம்மா நிற்கிறார். திட்டப்போகிறார் என்று அலமாரியைச் சட்டென்று மூடினேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே வேலைக்கு வருகிறாயா, அறைகளை எல்லாம் நீயே பார்த்துக்கொள் என்று மலாயில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சேகரிடம் இன்னும் சொல்லவில்லை. குறட்டை விடுகிறார். மாடியில் நான்கு அறைகள் இருக்கின்றனவாம். காலையில் அவர் எழும் முன் போய்ப் பார்த்துவிட வேண்டும்.