அப்பா விட்டுப்போன கோடிட்ட இடம்

அப்பா,

இயந்திரத்திலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது. அதில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கோடுதான். மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு டியூஷன் வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த வினாத்தாள் அது. 'மழை கொட்டியது. ஆனாலும் அவன் ______ வீடு வந்து சேர்ந்தான்.' கீழே நான்கு சொற்கள். விடை 'நனையாமல்'. 'ஆனாலும்' என்று வந்துவிட்டால் எதிர்பாராததுதான் பின்னால் வரும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் இதை உங்கள் கட்டிலருகே பழகினேன்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தீர்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் பாதிச் சொற்களும் உங்களிடம் இல்லை. அம்மா முந்திரி உடைக்க அண்டி ஆபீசுக்குப் போக வேண்டும். அதனால் நான் படிப்பை விட்டு உங்களோடு இருந்தேன். "மக்ளே, அந்த..." என்பீர்கள். சொல் வராது. முதலில் தண்ணீர், துண்டு, கண்ணாடி என்று கண்டதையெல்லாம் எடுத்துக் காட்டினேன். நீங்கள் சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பிறகுதான், வராத சொல்லை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். 'புழுங்குது' என்று முன்னால் வந்தால் ஃபேன். 'கஞ்சி நல்லாயிருக்கு, ஆனா' என்றால் உப்பு.

ஒருநாள் அடுத்த வீட்டு மாமா பார்க்க வந்தார், நம் மண்வெட்டியை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர். "இவன் பெரிய..." என்று நிறுத்தினீர்கள்.

"பெரிய மனுசன்னு சொல்லுதாரு, பாத்தியா?" என்றார் அவர், கூச்சத்தோடு.

"ஆமா மாமா," என்றேன். அவர் போனதும் உங்கள் காதில், "மம்பட்டிக் கள்ளன்," என்றேன். பாதி வாயால் சிரித்தீர்கள்.

நீங்கள் கடைசியாகப் பேசிய அன்று காலையில் அம்மாவும் உங்கள் தங்கையான மாமியும் பக்கத்தில் இருந்தார்கள். "நீ எனக்காவ நின்னுட்ட. இனி திரும்ப... போணும், மக்ளே." சொல் வரவில்லை.

"வேலைக்குப் போணும்னாக்கும் அண்ணன் சொல்லுதாரு," என்றாள் மாமி. அம்மா தலையாட்டினாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமி அதையே சொன்னாள். "இவ வேலைக்குப் போணும்னு சொல்லிட்டாக்கும் கண்ண மூடினாரு." சொல்லச் சொல்ல, அதில் 'திரும்ப' உதிர்ந்துபோனது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நாலு பேர் இருந்தால் எனக்கும் வாய் வராது. அடுத்த மாதமே கடையில் சேர்த்துவிட்டார்கள்.

இன்று கால் கடுக்க நின்றபடி வினாத்தாளிலிருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைச் சொன்னதற்கு முன் நான் எந்த வேலைக்கும் போனதில்லை, அப்பா. போகாத இடத்துக்கு எப்படித் திரும்பப் போவது? நான் விட்டுவிட்டு வந்த இடம் ஒன்றுதானே.

"தாளை எடு, அடுத்தவங்க நிக்காங்க," என்றார் முதலாளி. எடுத்தேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. வீட்டில் அம்மா, முந்திரிக் கறை பிடித்த விரல்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அசதி. நாளைக்குச் சொல்லலாமா என்று தோன்றியது.

"அப்பா கடைசியா சொன்னது ஓர்மை இருக்கா?"

"வேலைக்கு..." என்று தொடங்கினாள்.

"இல்லம்மா. சொன்னபடியே சொல்லுதேன், கேளு."

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். 'திரும்ப' என்றதும், நீங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன்.