மூன்றாவது சுற்று

அத்தை,

போன வெள்ளிக்கிழமை, பஸ் ஓட்டும் அக்காவின் கொண்டையில் பூச்சரத்தின் மூன்றாவது சுற்று பாதியிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் காலை ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு நேரே நம் கடைக்கு வருவார். இரண்டு முழம் மல்லிகை வாங்கி, பக்கத்து மளிகைக் கடைக் கண்ணாடியில் முகம் பார்த்து, அங்கேயே சூடிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். நீங்கள் அளந்து கொடுத்த காலத்தில் அந்தச் சரம் கொண்டையை மூன்று முறை சுற்றிய பிறகும் ஒரு வால் மிஞ்சும். அதைப் பிடித்து லேசாக இழுத்து, "பிரேக் நல்லா புடிக்குதா?" என்று கேட்பீர்கள். அவர் உங்கள் கையைத் தட்டிவிட்டு, "உங்க வாய்க்குத்தான் லா பிரேக் வேணும்" என்பார். போன வாரம் வால் இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்காவுக்கு முடி அடர்த்தியாகிவிட்டது என்று நினைத்தேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. லிட்டில் இந்தியாவில் நம் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதே அஞ்சடி நடைபாதை, ஒரு பக்கம் மளிகைக் கடை, மறுபக்கம் நாணயம் மாற்றும் பாயின் கண்ணாடிக் கூண்டு. இத்தனை நாள் உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பள்ளியை நான் உயர்நிலை மூன்றில் விட்டேன். வாய்மொழித் தேர்வன்று அறைக்குள் போய், காட்டிய படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்தவள் நான். அதன்பிறகு சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டவே பயமாக இருந்தது. எல்லோரும் என்னைப் பேச வைக்கப் பார்த்தார்கள். நீங்கள் அதற்கு முயற்சி செய்யவே இல்லை. கடைக்கு அழைத்துவந்து, உதிரிப் பூக் கூடையை மடியில் வைத்து, "நீ கட்டு. பேசுறதுக்கு நான் இருக்கேன்ல" என்றீர்கள். இரண்டு வருடம் நான் கட்டினேன், நீங்கள் பேசினீர்கள். விலை சொல்வதும் அளப்பதும் நறுக்குவதும் உங்கள் வேலை. தரையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, நிமிர்ந்தால் தெரிந்தது உங்கள் கைதான். பலகையில் முழங்கையை ஊன்றி, சரத்தை நடுவிரல் நுனிவரை இழுத்துப் பிடித்து, சின்னக் கத்தியால் ஒரே அழுத்து. பாய் உங்களை விளக்குக் கம்பம் என்று கூப்பிடுவார். அவ்வளவு உயரம், அவ்வளவு நீளமான கை.

பாயோடு நீங்கள் போட்ட சண்டைகளைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருடைய கூண்டுக்கு மேலே வெளிநாட்டுப் பணத்தின் மதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டித்தான் ஆரம்பிப்பீர்கள்.

"நம்ம சிங்கப்பூர் வெள்ளி பலமா நிக்குதுன்னு தினம் பீத்திக்கிறீங்களே பாய். அப்ப ஊர்லேருந்து வர்ற பூ எனக்கு மலிவாத்தானே வரணும்?"

"வெள்ளி பலமா இருக்கிறதாலதான் தங்கச்சி இந்த விலை. இல்லேன்னா இன்னும் எகிறியிருக்கும். பூ என்ன நடந்தா வருது? பிளேன்ல வருது. பிளேன் எண்ணெய் குடிக்குது."

"சரி, பூ பறந்து வருது. பூ வாடாம வைக்கிற இந்தச் சில்லர் இங்கேயேதானே நிக்குது? அதுக்கு ஏன் கரண்டு பில்லு ஏறுது?"

"கரண்டு எதுல எடுக்குறான்? கேஸுல. அந்த கேஸும் வெளியிலேருந்துதான் வருது. இந்த ஊர்ல நம்மளோடதுன்னு என்ன இருக்கு, வெயிலும் மழையும் தவிர?"

"உங்க நாக்கு இருக்கே. அது லோக்கல்தான்."

பாய் கூண்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நான் குனிந்து கட்டிக்கொண்டே கேட்டிருப்பேன். பொருளாதாரம் என்ற பாடத்துக்கு நான் போய்ச் சேரவே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கி வாழும் ஒரு நாட்டில், எங்கோ கடலுக்கு அப்பால் ஏறும் விலை கடைசியில் ஒரு முழம் பூவில் வந்து உட்காரும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அந்தப் பழைய சில்லர் நினைவிருக்கிறதா? கதவின் ரப்பர் தளர்ந்து, குளிர் கசிந்து, மோட்டார் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த அதே சில்லர். மாதா மாதம் பில்லைப் பார்த்து அதைத்தான் திட்டுவீர்கள். புதிது வாங்கக் காசு இல்லாமல் இல்லை. வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தீர்கள். வட்டி அப்போது நன்றாக இருந்தது. நடுவில் எடுத்தால் அந்த வட்டி போய்விடும் என்று மாதங்களைத் தள்ளினீர்கள். அந்த மாதங்களில் எத்தனையோ கூடை பூ பழுத்துக் குப்பைக்குப் போனது.

ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே பாயிடம் கேட்டீர்கள்.

"நான் போட்ட காச பேங்க் என்னதான் பண்ணும்? பூட்டியா வச்சிருக்கும்?"

"பூட்டி வச்சா உனக்கு எப்படி வட்டி குடுக்கும்? இன்னொருத்தனுக்குக் கடனா குடுக்கும். அவன் கடை போடுவான், லாரி வாங்குவான், மெஷின் வாங்குவான். அதுலதானே ஊரே ஓடுது."

நீங்கள் கோப்பியைக் கீழே வைத்தீர்கள். "அப்ப என் காசுல எவனோ புதுச் சில்லர் வாங்குறான். நான் இங்க ஓட்டைச் சில்லரோட உக்காந்திருக்கேன்."

மறுநாள் காலை கடை திறக்குமுன் வங்கிக்குப் போய்விட்டு வந்தீர்கள். போன வட்டியை நினைத்து அன்று முழுக்க முகம் சரியில்லை. புதுச் சில்லர் வந்து இரண்டாவது பில்லைப் பார்த்ததும் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தீர்கள். "இத முன்னாடியே பண்ணியிருக்கணும். வட்டியைப் பாத்தேன், பூவைப் பாக்கல" என்றீர்கள். உங்கள் வாயால் உங்கள் தவறை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆனாலும் பூவின் விலையை நீங்கள் ஏற்ற வேண்டித்தான் வந்தது. விமானக் கூலி ஏறியிருந்தது. இரண்டு வெள்ளியாக இருந்த முழம் இரண்டரை வெள்ளி ஆனது. தெருமுனைக் கடையில் அப்போதும் இரண்டு வெள்ளிதான். பலர் அங்கே போய்விட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடையில் ஒரு முழம் வாங்கினீர்கள். அதை என் முன்னால் விரித்து வைத்து, "பாரு, பூவுக்கும் பூவுக்கும் நடுவுல பஸ்ஸே போகும்" என்றீர்கள்.

"நாமளும் அப்படிக் கட்டலாமே" என்று முணுமுணுத்தேன்.

அன்று நீங்கள் சத்தம் போடவில்லை. "விலைய ஏத்துனா மூஞ்சிக்கு நேரா திட்டிட்டுப் போவாங்க. வாங்கிக்கலாம். இது அவங்களுக்கே தெரியாம அவங்க பையில கை விடுறது" என்று மட்டும் சொன்னீர்கள். விலை ஏறிய அந்த வாரங்களில் ஒவ்வொருவரிடமும் நறுக்குவதற்கு முன்பே புது விலையைச் சொன்னீர்கள். நறுக்கிய சரத்தை யாரும் திருப்பித் தர முடியாது, அதனால் கத்திக்கு முன்னால் வாய் பேச வேண்டும் என்பது உங்கள் வழக்கம். திட்டினார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பஸ் அக்கா ஒரு வாரம்கூட வேறு கடைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பூப்பெட்டியைத் தூக்கியவர் அப்படியே சரிந்தீர்கள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது. உங்கள் கை போர்வைக்கு வெளியே கட்டில் ஓரத்தில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் எனக்குப் பேச வரவில்லை.

கடையை விட்டுவிடலாம் என்றுதான் அப்பா சொன்னார். "அக்காவுக்கு வாய் இருந்துச்சு, கடை ஓடுச்சு. நீ எப்படி லா வியாபாரம் பண்ணுவ? மிச்சக் காச பேங்க்ல போட்டாலாவது வட்டி வரும்." நான் தலையை மட்டும் ஆட்டினேன், மாட்டேன் என்று. கடைசியில் அவர் இறங்கிவந்தார். வாடகை ஒப்பந்தம் முடியும்வரை நான் பார்க்கலாம். அதற்குள் உங்கள் வாடிக்கையாளர்கள் நிலைத்தால் புதுப்பிப்பார், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்த நாள் இந்த மாதக் கடைசி.

நான் விலையை அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். முழம் இரண்டரை வெள்ளி. பேச வேண்டிய தேவையே இல்லாமல் செய்துகொண்டேன். இந்த நான்கு மாதத்தில் விமானக் கூலி ஏறியது, கரண்டு ஏறியது, நூல்கூட ஏறியது. அட்டையில் இருந்ததை நான் மாற்றவில்லை. பாயே ஆச்சரியப்பட்டார். "எல்லாக் கடையிலயும் ஏத்திட்டாங்க. நீ மட்டும் எப்படிம்மா சமாளிக்கிற?" எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அத்தைகூடச் செய்யாததைச் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விலை ஏறவில்லை, பூ வாடவில்லை, என் கட்டு நெருக்கமாகத்தான் இருந்தது. நான் பேசாததால்தான் போகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை பஸ் அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் திரும்பி வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. ரெண்டு முழம்னு குடுக்குற. மூணாவது சுத்து வர மாட்டேங்குது. ரொம்ப வாரமாவே பாக்குறேன். உங்க அத்தை இப்படிச் செய்யவே மாட்டாங்க."

அவர் போன பிறகு வெகுநேரம் கை ஓடவில்லை. நான் ஏமாற்றவில்லையே என்றுதான் மனது சொல்லிக்கொண்டிருந்தது. பலகையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தபோது அது கண்ணில் பட்டது. ஒரு பக்கம் உங்கள் முழங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பான ஓர் இடம். அதற்கு நேர் எதிரே கத்தி பட்டுப் பட்டு விழுந்த கோடுகள், வருடக்கணக்காக ஒரே இடத்தில். என் முழங்கையை அந்த வழவழப்பில் வைத்துக் கையை நீட்டினேன். என் நடுவிரல் கோடுகளைத் தொடவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது.

முழம் என்றால் முழம் என்றே நினைத்திருந்தேன், அத்தை. அது யாருடைய கை என்று யோசிக்கவே இல்லை. நூலை வைத்து அளந்து பார்த்தேன். உங்களிடம் ஆறு முழமாக இருந்தது என்னிடம் ஏழு முழமாக விலை போயிருக்கிறது. அட்டையில் ஒரு காசும் ஏறாமல் விலை ஏறியிருக்கிறது. எனக்குத் திறமை எதுவும் இருக்கவில்லை. என் குட்டைக் கைதான் நான்கு மாதம் அந்தக் கடையைத் தாங்கியிருக்கிறது, வாங்கியவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பையிலிருந்து எடுத்து. தெருமுனைக் கடையைப் பற்றி நீங்கள் சொன்னதை நினைத்ததும் முகம் சுட்டது.

விலைவாசி ஏறியது, இறங்கியது என்று ரயிலில் போகும்போது கைப்பேசியில் செய்தி வரும். கடையில் கூடைக்குள் வைக்கும் பொருள்களின் விலையை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். ஒரு நாடு அவ்வளவு பெரிய கணக்கைப் போடும்போது, யாராவது ஒருவர் சரத்தை எடுத்துக் கொண்டையில் சுற்றிப் பார்ப்பாரா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

உங்கள் முழத்தை இரண்டரை வெள்ளிக்குக் கொடுத்தால் கடை இந்த மாதத்தையே தாண்டாது. மூன்று வெள்ளி என்றால் எல்லோரும் போய்விடலாம், கடை போய்விடலாம். எப்படியானாலும் அதை வாயால் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அந்த ஒரு வரியைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அட்டையைக் கழற்றி சில்லருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அக்கா வந்தார். வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டினார். நான் சரத்தை எடுத்தேன், கத்தியைத் தொடவில்லை.

"அக்கா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நாலு மாசமா என் கையால அளந்துட்டேன். என் கை சின்னது. இன்னையிலேருந்து அத்தை முழம்தான். ஆனா முழம் மூணு வெள்ளி."

பாய் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா என்னையே பார்த்தார்.

"மூணு வெள்ளியா? அநியாயம் லா" என்றார். அப்புறம், "நீ பேசுவியா?" என்றார். பிறகு பையைத் திறந்தார். "ரெண்டு முழம். நறுக்கு."

முழங்கையைப் பலகையில் வழவழப்பான இடத்தில் ஊன்றினேன். சரத்தை என் விரல் நுனியைத் தாண்டி உங்கள் கோடுவரை இழுத்து, நறுக்கினேன்.