பன்னிரண்டு பூச்சுக்கு அடியில்

மார்ச் 4
நூலகத்தின் வாசல் கதவு எனக்கே கிடைத்துவிட்டது! இத்தனை நாள் அண்ணன் பட்டறையில், அண்ணன் பெயரில்தான் தச்சு வேலை. என் பெயரில் இதுதான் முதல். நூற்றுப் பத்து வருஷக் கதவு, கீழ்ப்பாதி செல்லரித்துப் போயிருக்கிறது. அதே மரத்தில், அதே செதுக்குச் சித்திரத்தோடு புதுக் கதவு செய்ய வேண்டும். இம்மி பிசகினாலும் வேலை கைமாறும் என்று நூலக அதிகாரி அம்மா எழுதியே கொடுத்துவிட்டார். கழற்றிக் கொண்டுவந்து நாள் முழுக்க அளந்தேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "கதவுக்குச் சட்டையா தைக்கப்போற?"

மார்ச் 11
மாதிரிப் பலகைக்கு அதிகாரி அம்மாவின் கையெழுத்து கிடைத்தது. தலைகால் புரியவில்லை.

மார்ச் 17
எட்டுச் சித்திரப் பலகைகளும் முடிந்தன. கை மரத்துப்போச்சு.

மார்ச் 18
குடி கெட்டது. இவர் பெயிண்டர். பழைய நிறம் என்னவென்று பார்க்க, பழைய கதவில் உள்ளங்கை அகலம் சுரண்டினார். பன்னிரண்டு பூச்சு! அதற்கடியில், சித்திரத்தின் ஓரத்தில், நூல் மாதிரி இரட்டை வரி. நான் செதுக்கியதில் மொழுக்கென்று ஒரே ஒரு தடித்த வரி. நான் எங்கே மரத்தை அளந்தேன்? பெயிண்டை அளந்திருக்கேன்! பத்து வருஷமா ஒரு பெயிண்டரோட குடித்தனம் பண்றேன், இதுகூடத் தோணலையே — சீ!

"கையெழுத்துதான் ஆயிடுச்சே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே."

முப்பதாம் தேதி நூலகம் திறக்கிறார்கள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால், அந்த வாசல் வழியே போக எனக்கு முகம் ஏது?

மார்ச் 19
சொல்லிவிட்டேன். அதிகாரி அம்மா பட்டறைக்கே வந்து, சுரண்டிய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "நானும் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றார் கடைசியில். "முப்பதுக்குள்ள முடிச்சிருவீங்களா?"

அவர் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன். எப்படி முடிப்பேன்?

மார்ச் 25
மறுபடி செதுக்கியதில் ஆறு பலகை முடிந்தது. சமையல் இவர் கையில். மூன்று வேளையும் முட்டை. குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

மார்ச் 29
மாட்டியாச்சு! இரண்டு பூச்சோடு நிறுத்தச் சொன்னேன். "மூணாவது அடிச்சா பளபளன்னு இருக்கும்" என்று கெஞ்சினார். பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 30
இருபது வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடும் வாட்ச்மேன், ஒரு மாத லீவு முடிந்து வந்தார். இரட்டை வரியை விரலால் தடவினார்.

"அடேயப்பா, நல்லாத் தேய்ச்சுக் கழுவியிருக்கீங்களே! இப்படி ஒரு கோடு இருந்ததே எனக்குத் தெரியாதும்மா. சரி, புதுக் கதவு எப்ப மாட்டப்போறீங்க?"

இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். காலை மிதித்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தது.