ஒட்டகத்தின் ஊன்றுகால்

இஞ்சினியரம்மாவுக்கு, அப்பா எழுதுவது:

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்.

பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து நீ செய்த பொம்மை ஒட்டகத்தில் கை வைத்துவிட்டேன், திட்டாதே. மோட்டார் மாட்டியதிலிருந்து நாலு எட்டுக்குள் கவிழ்கிறது. நீயும் தூக்குகிற காலையே கழற்றிக் கழற்றி மாட்டுகிறாய். மாவுக்கட்டு பிரித்த எனக்கு நடை பழக்குகிற பிசியோதெரபி அம்மா தினமும் என்ன சொல்கிறார்? "தூக்குற கால விடுங்க சார், ஊனுற காலப் பாருங்க." அதனால் பேட்டரிப் பெட்டியைக் கால்களோடு ஒரு கம்பியால் இணைத்தேன். ஒரு பக்கக் கால் எழும்போது கனம் மறுபக்கம் போகிறது.

அப்படியும் தடுமாறியது. பார்த்தால், உன்னை மாதிரியே நானும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கையை எடுத்தேன். மேசையின் அந்தக் கோடி வரை அசைந்து அசைந்து போனது, நிஜ ஒட்டகம் தோற்றது போ.

நேற்று படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் உன் கையை உதறியது தப்புத்தான். விழுந்துவிடுவேன் என்று நீ பயந்தாய், எனக்குத் தெரியும்.

தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகிறேன். தடி எடுத்திருக்கிறேன்.

கதவைப் பூட்டி இந்தச் சீட்டை இடுக்கில் செருகிவிட்டேன்; சாவி வாசலில் உன் பழைய ஷூவுக்குள்.

இன்னொன்று. ஆறு மணிக்குத் திரும்புவேன். ஓடி வந்து பிடிக்காதே. ஆனால் பால்கனியில் நில். நீ பார்க்காமல் எனக்கு இன்னும் நடக்க வரவில்லை.