செபஸ்தியானுக்கு வந்த கடிதம்

கவரைப்பேட்டை
19-1-1971

அன்புள்ள அம்மாவுக்கு, செபஸ்தியான் வணங்கி எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். தொழிற்சாலையிலும் குறையில்லை.

ஊரில் செபஸ்தியார் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருக்கும். அவரை மரத்தில் கட்டி, கிறிஸ்துவை மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அவர் அம்புகளை வாங்கிக்கொண்டார். நீங்கள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், நானும் அப்படித்தான் நிற்பேன் என்பேன்.

நம்மைப் போன்ற வேதக்காரருக்கு இங்கே வீடு கிடைக்காது என்று உடன் வேலை செய்பவர் பயமுறுத்தினார். அதனால் சேகர் என்று சொல்லி இந்த அறையை எடுத்தேன். உங்களுக்கு முகவரி அனுப்பியபோது இதை எழுத வெட்கமாக இருந்தது. நேற்று தபால்காரர் வந்தார். வீட்டுக்கார கோவிந்தம்மா உங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சேகரு, செபஸ்தியான்னு லெட்டர் வந்துகீது. யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"பாவம், எந்தத் தாயி தேடிக்கினு இருக்குதோ" என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னை யாரும் மரத்தில் கட்டவில்லை அம்மா.

என் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தின் கயிறு அறுந்துவிட்டது. சேகர் என்ற பெயருக்குப் புதிதாக ஒன்று அனுப்புங்கள், சட்டைக்குள் மறைகிற அளவில். கொஞ்சம் கருப்பட்டியும் வையுங்கள்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. இந்தக் கடிதம் முந்தி வந்து சேர வேண்டும். உங்கள் கடிதம் 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழாதீர்கள். அதைச் சொன்னது நான்தான்.

உங்கள் மகன்
செபஸ்தியான்